குறை புல்லிலா, மண்ணிலா?

கேமரன் மலையில் புல்லுக்கு என்ன குறை? பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் தானா ராத்தா அமைந்துள்ளது. அதற்கு மேலே பிரிஞ்சாங், கீழே ரிங்லெட். ஆண்டு முழுவதும் குளிர்ச்சி, மழைக்கும் பஞ்சமில்லை. சரிவுகள்தோறும் பாய் விரித்தாற்போலத் தேயிலைச் செடிகள். பசுமைக்கென்றே படைக்கப்பட்டதுபோல் தோன்றும் இம்மலையில் ஒரு பிடி புல் கருகுமானால், அது காண்போர் கண்ணை உறுத்துவது இயல்பே.

இங்குள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் சிறிய தமிழ்ப்பள்ளியொன்று பரிசளிப்பு விழாவுக்கு ஆயத்தமாகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளியின் முன்னால் இருந்த மேட்டை வெட்டிச் சமன்செய்து, வேறோரிடத்தில் வளர்ந்த புல்லைப் பாளம் பாளமாகக் கொணர்ந்து பதிக்கின்றனர். முதல் வாரம் முற்றம் மரகதம்போல் மின்னுகிறது. மூன்றாம் வாரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுப்புத் திட்டுகள் தோன்றுகின்றன. விழாவுக்கோ பத்து நாள்களே உள்ளன.

விழாக் குழு கூடுகிறது. புல் விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்கிறார் ஒருவர். தோட்டக்காரர் நீர் விடாமல் சோம்பியிருந்தார் என்கிறார் இன்னொருவர். உரத்தை இருமடங்காகப் போடுக என்பது ஒரு யோசனை; பூச்சி மருந்து தெளிக்க என்பது மற்றொன்று. விழா முடியும்வரை பச்சைச் சாயம் பூசினால் போதுமே என்று சொல்வாரும் உளர். இத்தனைப் பேச்சுக்கும் நடுவே, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தோட்டக்காரர் ஓரமாக நிற்கிறார். அவரை எவரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் புல்லைப் பார்த்தனர். ஒருவரேனும் குனிந்து அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

சிறிய நிகழ்ச்சிதான். ஆயினும் இதனுள் ஓர் அறக்கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரு பழுதைக் காண்பவன், அதன் காரணத்தை அறியுமுன் பழி சுமத்தவோ மருந்து இடவோ உரிமை உடையவனா? காரணம் அறியாமல் செய்யும் செயல் வெறும் அறியாமைதானா, அன்றி அறப்பிழையும் ஆகுமா?

நிறம் ஒன்று, நோய் பல

புல்லைப் பெயர்த்தெடுக்கும்போது அதன் வேரில் பெரும்பகுதி பழைய மண்ணிலேயே அறுபட்டு நின்றுவிடுகிறது. புதிய இடத்துக்கு வந்து சேர்வது இலையும், விரற்கடை அளவு வேரும், சிறிது மண்ணுமே. அது மீண்டும் வேர்விட இரண்டு மூன்று வாரங்களேனும் வேண்டும். அதுவரை பசுமை தோன்றினாலும் அது பழைய இடத்தில் சேர்த்துவைத்த உயிர்ப்பே. புதுமண்ணோடு உறவு ஏற்பட்டதா என்றறிய எளிய வழியொன்று உண்டு. பாளத்தின் ஓரத்தை மெல்ல இழுத்துப் பார்த்தால், வேர் பிடித்த புல் இழுப்பை எதிர்க்கும். பிடிக்காதது போர்வைபோல் கையோடு எழும்பி வரும்.

பழுப்புக்குக் காரணம் பல. பாளங்கள் சேரும் இடுக்குகளை ஒட்டிக் கோடுகோடாகப் பழுத்தால், ஓரங்கள் காய்ந்து சுருங்கின அல்லது அடியில் காற்றிடைவெளி நின்றது எனக் கொள்ளலாம். வட்ட வட்டமாகப் பழுத்து, ஈரமான விடியற்காலையில் விளிம்பில் சிலந்தி இழைபோன்ற நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை நோயாகலாம். நடுவே கருகிச் சுற்றிலும் மிகுபசுமை வளையம் காணப்பட்டால், நாய் சிறுநீர் கழித்த இடம் என்று ஐயுறலாம். உப்பும் தழைச்சத்தும் மிகுந்த நடுவிடம் எரிய, அளவாகக் கிடைத்த விளிம்பு செழிக்கிறது. பாய்போல் சுருட்டி எடுக்கும்படி புல் கழன்று வந்து, அடியில் வெண்ணிறப் புழுக்கள் வளைந்து கிடந்தால், வேரைத் தின்றவை அவையே. உரம் ஓரிடத்தில் குவிந்தாலும், புல்லை மட்டுமீறிக் கத்தரித்தாலும், அடியில் கல்லும் காரைக்கட்டியும் புதைந்திருந்தாலும் வெளியே தெரிவது அதே பழுப்புத்தான்.

நிறம் ஒன்றாயினும் மருந்து ஒன்றாவதில்லை, சிலபோது நேர்மாறானது. வறட்சியால் பழுத்த புல்லுக்கு நீர் வேண்டும். நீர் தேங்கி மூச்சுமுட்டிப் பழுத்த புல்லுக்கு நீரை நிறுத்தி வடிகால் வெட்ட வேண்டும். பூஞ்சையால் வாடிய புல்லுக்கு மாலைதோறும் நீர் ஊற்றுகிறவன் இரவெல்லாம் அப்பூஞ்சைக்கு விருந்து வைக்கிறான். தழைச்சத்து மிகுந்து எரிந்த இடத்தில் மேலும் உரமிடுகிறவன் எரியும் வீட்டில் நெய் வார்க்கிறான். அவனிடம் அன்பு இல்லையென்று சொல்ல முடியுமா? உண்டு. அந்த அன்பே புல்லைக் கொல்கிறது என்பதுதான் துயரம். நல்லெண்ணம் இருந்தால் போதும் என்று நம்புவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

புல்வெளியைத் தாக்கும் பழுப்புத் திட்டு நோய்க்கு ரைசாக்டோனியா என்னும் பூஞ்சை காரணம் என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் பைப்பரும் கோவும் 1919ஆம் ஆண்டில் எழுதினர். அதன்பின் அந்நாட்டுக் கோல்ஃப் திடல்களில் பாதரசக் கலவைகள் பெருவழக்காயின. பழுப்பு மறைந்தது, பாதரசமோ மண்ணிலேயே தங்கிவிட்டது. பிற்காலத்தில் பல நாடுகள் அவற்றைத் தடைசெய்தன. நோயின் முதல் தெரிந்த பின்னரும், மருந்தின் விளைவை எண்ணாதார் ஒரு கேட்டை நீக்க மற்றொன்றை விதைத்தனர்.

திருவள்ளுவர் 95ஆம் அதிகாரமாகிய மருந்தில், நோயையும் நோயின் மூலத்தையும் அது தணியும் வழியையும் ஆராய்ந்த பின்னரே செயலில் இறங்கச் சொல்கிறார். செயலுக்கு முன் மூன்று ஆராய்ச்சிகள். மாணவர் மனப்பாடம் செய்யும் இந்த வரிசையைத்தான் அவசரம் தலைகீழாக்கிவிடுகிறது.

இலங்கைக் காப்பித் தோட்டம் தந்த பாடம்

கேமரன் மலைத் தேயிலைக்கு ஒரு முன்கதை உண்டு. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை அளந்து சென்றார். 1925ஆம் ஆண்டில் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இதைக் கண்டு, குளிர்வாழிடம் ஆக்கும் முயற்சிக்கு ஊக்கம் தந்தார். 1929ஆம் ஆண்டில் ஜே.ஏ.ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணைநின்ற ஏ.பி.மில்ன் இலங்கையில் தேயிலைத் தொழில் பயின்றவர். அந்த இலங்கையிலோ தேயிலை பெருகியதற்குக் காரணமே ஒரு பழுப்புத் திட்டு எனலாம்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கை மலையகம் காப்பிக்காடாக இருந்தது. தமிழகத்திலிருந்து நடந்தும் தோணியேறியும் வந்த தொழிலாளர் உழைப்பில் அது வளர்ந்தது. 1869ஆம் ஆண்டில் காப்பி இலைகளின் அடியில் மஞ்சள் கலந்த செந்தூள் படிந்த திட்டுகள் காணப்பட்டன. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவெயிட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பூஞ்சை ஆய்வறிஞர் பெர்க்லி அதே ஆண்டில் அந்தப் பூஞ்சைக்குப் பெயர் சூட்டினார். தோட்ட உரிமையாளர் பலர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. பருவநிலைக் கோளாறு என்றனர், மண் சோர்ந்துவிட்டது என்றனர், உரம் இட்டனர், சுண்ணாம்பும் கந்தகமும் தூவினர்.

1880ஆம் ஆண்டில் மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர் நோயை ஆராய அனுப்பப்பட்டார். ஏறக்குறைய இரண்டாண்டுகள் தங்கினார். ஒட்டும் பொருள் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் மிதந்துவரும் பூஞ்சை வித்துகளைப் பிடித்துக் காட்டினார். மலைக்கு மலை இடைவெளியின்றிக் காப்பி ஒன்றே நின்றபோது, காற்றில் வந்த வித்துக்கு ஒவ்வோர் இலையும் வீடாயிற்று. நோய்முதல் தெளிவாயிற்று. ஆனால் அவர் வருவதற்குள் பதினோர் ஆண்டுகள் கழிந்திருந்தன. பெருகிவிட்ட நோயை ஒழிக்கும் மருந்து அவர் கையில் இல்லை. அதை மறையாமல் சொன்னார். மருந்தை எதிர்பார்த்திருந்தோர் மனம் கசந்தனர்.

அவர் பணி வீண் என்பதா? இல்லாத மருந்தை இருப்பதாகச் சொல்லித் தோட்டங்களை ஏமாற்றியிருந்தால் அவருக்குப் புகழ் கிடைத்திருக்கலாம். தெரிந்ததைத் தெரிந்த அளவிலும், தெரியாததைத் தெரியாததாகவும் உரைப்பது நோய் நாடுவோன் கொள்ள வேண்டிய முதல் நேர்மை. காப்பி வீழ்ந்தது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை, காப்பி விட்டுச்சென்ற சரிவுகளிலெல்லாம் பரவியது.

பழுப்பெல்லாம் நோயா?

மறுபக்கமும் ஒன்று உண்டு. தேயிலையைச் சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டுவர். கொழுந்தும் இலையும் போய், வெறும் கட்டைகளும் குச்சிகளும் நிற்கும். சுற்றிலும் பச்சை விளங்க, அம்மலைச் சரிவு மட்டும் பழுப்பாகத் தோன்றும். புதிதாக வந்த பயணி, தீப்பிடித்ததோ நோய் கண்டதோ என்று இரங்குவான். தோட்டத்து முதியவளைக் கேட்டால் நகைப்பாள். சில வாரங்களில் அக்கட்டையிலிருந்து துளிர் வரும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பழுப்புக்கு வேண்டியது மருந்தன்று, பொறுமை.

பழுப்பைக் கண்டவுடன் மருந்தோடு ஓடுவதும் பிழை. பழுப்பு தானே மாறும் என்று வாளா இருப்பதும் பிழை. காப்பி உரிமையாளர் பொறுத்திருந்தது கேடாயிற்று. கவ்வாத்துக் காட்டில் பொறுத்திருப்பது நன்மையாகிறது. எங்கே பொறுப்பது, எங்கே விரைவது என்று பொதுவிதி வகுத்தல் இயலாது. அவ்விடத்தை அறிந்தவரிடம் கேட்டும், குனிந்து பார்த்துமே தெளிய வேண்டும்.

பெயர்த்து நடப்பட்ட மனிதர்

புல்லைப் பற்றிய இவ்வளவும் மனிதருக்கும் பொருந்துமா? மலாயாவின் தோட்டங்களுக்கு வந்த தமிழரும் பாளம் பாளமாகப் பெயர்க்கப்பட்டவர்களே. கங்காணி ஊருக்குச் சென்று, உறவும் சாதியும் சேர்ந்த கூட்டமாக அழைத்து வந்தார். இலையும் சிறிது மண்ணுமாக வந்த புல்போல, அவர்கள் மொழியும் மாரியம்மன் வழிபாடும் சில பாட்டும் கொண்டு வந்தனர். பெருவேர் ஊரிலேயே அறுபட்டு நின்றது.

காலப்போக்கில் இச்சமுதாயத்தில் பழுப்புத் திட்டுகள் தோன்றின. கடன், குடி, கல்வியில் பின்னடைவு. கண்டவர்கள் என்ன சொன்னார்கள்? இவர்கள் இயல்பே அப்படி என்றனர். குடியை இயல்பு என்றவர்கள், கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்ததை எண்ணவில்லை. கல்வியில் நாட்டமில்லை என்றவர்கள், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வேண்டும் என்று கூறிய பின்னரும், பல இடங்களில் ஒரு கொட்டகையே பள்ளியாகவும் கணக்கரோ கங்காணியோ ஆசிரியராகவும் இருந்ததை நினைக்கவில்லை. இத்தகைய பழி தமிழருக்கு மட்டும் உரியதன்று. மலாய்க்காரரும் சாவகரும் பிலிப்பினோக்களும் இயல்பிலேயே சோம்பேறிகள் என்று குடியேற்ற ஆட்சியினர் கட்டிய கதையை, 1977ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு நூலில் சையத் ஹுசைன் அலாத்தாஸ் விரிவாக ஆராய்ந்து மறுத்தார். புல்லின் மீது பழி போட்டுவிட்டால் மண்ணைக் கிளற வேண்டியதில்லை. மண்ணைக் கெடுத்தவர் யார் என்ற கேள்வியும் எழாது. பழி சுமத்துதல் பலருக்கு இனிப்பது இதனாலேயே.

இங்கே ஒருவர் தடை எழுப்பலாம். ‘புல்லுக்கு மனம் இல்லை, மனிதனுக்கு உண்டு. எல்லாவற்றையும் மண்ணின் மீது ஏற்றிவிட்டால் தனிமனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? ஒரே தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுள் ஒருவர் குடித்துக் கெட, மற்றொருவர் கற்று உயரவில்லையா?’ இத்தடை வலிமையுடையது. இதைத் தள்ளிவிட முடியாது. மனிதன் புல் அல்லன்; தன் வேரைத் தானே ஊன்றும் ஆற்றல் அவனுக்கு உண்டு. கற்று உயர்ந்தவரின் முயற்சியை மண்ணுக்கு உரியதாக்குவது அவருக்குச் செய்யும் அநீதி.

ஆனால் அதே தடை மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. புல் பேசாது, எனவே தோண்டித்தான் பார்க்க வேண்டும். மனிதன் பேசுவான்; எனவே அவனைக் கேட்க வேண்டும். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் இரண்டு கருதத்தக்கவை: தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். குடியும் கல்லாமையும் அவர்கள் இயல்பு என்று பிறர் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர்களே தம் நோயின் முதலை இன்னதென்று விரல்நீட்டிக் காட்டினர். கிடைத்த விடை படையும் கைதும்.

மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக வகுத்த வள்ளுவர், நோயுற்றவனையே முதலில் எண்ணுகிறார். மருத்துவன் அவனுக்கு அடுத்துத்தான். மருந்தும் துணைநிற்பவனும் அதன் பின்னரே. அந்த வரிசைக்கு ஒரு பொருள் இருக்க வேண்டும். நோயுற்றவனைக் கேளாத மருத்துவம் அவனை மனிதனாக மதிக்காத மருத்துவம்.

வகுப்பறையின் பழுப்பு

ஆசிரியர் நாள்தோறும் காணும் பழுப்பு ஒன்று உண்டு. கடைசி வரிசையில் ஒரு சிறுவன். கேட்டால் விடையில்லை, வீட்டுப்பாடம் இல்லை, பார்வை எங்கோ. அவன் மௌனம் ஒரே நிறம், காரணமோ பல. பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்குச் செல்ல, அவன் வெறும் வயிற்றோடு வந்திருக்கலாம். கரும்பலகை அவன் கண்ணுக்கு மங்கலாகத் தெரியலாம். முன்னொரு நாள் தவறாகச் சொல்லி நகைக்கப்பட்டதால் வாய் மூடிக்கொண்டிருக்கலாம். பாடம் அவனுக்கு மிக எளிதாகிச் சலித்திருக்கவும் கூடும். உண்மையிலேயே சோம்பலாகவும் இருக்கலாம், அதையும் மறுப்பதற்கில்லை.

சோம்பலுக்கு ஏற்ற கண்டிப்பு, அஞ்சியவனுக்கு நஞ்சாகும். அஞ்சியவனுக்கு ஏற்ற கனிவு, சோம்பியவனுக்குத் தாலாட்டாகும். பசித்தவனுக்குக் கண்டிப்பும் பயனில்லை, கனிமொழியும் பயனில்லை, சோறு வேண்டும். எல்லா மாணவருக்கும் ஒரே பிரம்பு நீட்டிய காலம் ஒன்றிருந்தது. எல்லாருக்கும் ஒரே புன்னகை போதும் என்று கருதும் காலமும் உண்டு. இரண்டும் அடியில் பாராமல் மேலே தெளித்த மருந்துகளே.

ஆராய்வதற்கு நேரம் எங்கே என்று ஆசிரியர் கேட்பர். பாடத்திட்டம் காத்திருக்கிறது, தேர்வு காத்திருக்கிறது. விழாவுக்குப் பத்து நாள்களே இருந்தன என்பதும் இவ்வகை நியாயந்தான். சாயம் பூசினால் விழாவன்று முற்றம் பசுமையாகத் தோன்றும். தேர்ச்சி விழுக்காட்டையும் அப்படி ஒளிரச் செய்யலாம். விழா முடிந்து விருந்தினர் சென்ற பின் அந்த முற்றத்தில் வாழப்போகிறவர்கள் யார் என்பதே கேள்வி.

கேட்டபின்

மீண்டும் அந்தப் பள்ளி முற்றத்துக்கு வருவோம். வாதம் ஓய்ந்தபின் தலைமையாசிரியர் ஓரத்தில் நின்றவரிடம் செல்கிறார். “பெரியவரே, உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்கிறார். தோட்டக்காரர் சற்றுத் தயங்கிப் பிறகு சொல்கிறார்: “மேட்டை வெட்டினபோது நல்ல மண்ணையெல்லாம் புல்டோசர் பள்ளத்தில் தள்ளிவிட்டது ஐயா. இங்கே மிச்சம் நிற்பது அடிமண். தட்டித் தட்டி இறுகிப்போன மண். மழை பெய்தால் நீர் இறங்காது, வேரும் இறங்காது.” ஒரு பாளத்தைத் தூக்கிக் காட்டுகிறார். அடியில் மஞ்சள் மண் பலகைபோல் இறுகி, நீர் கசிந்து நிற்கிறது. வேர் ஒன்றுகூட அதனுள் இறங்கவில்லை. புல் விற்றவன் ஏமாற்றவில்லை. தோட்டக்காரர் சோம்பவில்லை. விழாவை எண்ணி அவசரமாக மேட்டை வெட்டச் சொன்னவர்கள் குழுவினரே.

செய்ய வேண்டியது இப்போது தெளிவு. பழுத்த பாளங்களை எடுத்துவிட்டு, அடிமண்ணை ஒரு சாண் ஆழம் கொத்தி, பள்ளத்தில் கிடக்கும் மேல்மண்ணையும் மக்கிய எருவையும் கலக்க வேண்டும். நீர் வடியச் சிறு கால்வாய் வெட்ட வேண்டும். புதுப் பாளங்களை இடைவெளியின்றிப் பதித்து அழுத்தி, மண் காயும்போது காலையில் நீர் விட்டு, வேர் பிடிக்கும்வரை பிள்ளைகளின் கால் படாமல் காக்க வேண்டும். பத்து நாளில் இது முடியாது. பரிசளிப்பு விழா பாதி பழுத்த முற்றத்தில்தான் நடக்கும். விருந்தினர் சிலர் முகம் சுளிப்பர். குழுவினர் அந்த நாணத்தை ஏற்கத்தான் வேண்டும். அது அவர்கள் பிழைக்கு அவர்களே செலுத்தும் விலை.

காரணம் அறியாமல் பழிப்பது அறப்பிழையே. ஏனெனில் குனிந்து பார்க்க இயன்றபோதும், அருகில் நின்றவரைக் கேட்க இயன்றபோதும், பாராமலும் கேளாமலும் இருக்கத் தேர்ந்தவர் நாமே. தேடியும் தெரியாமற்போனவனை மன்னிக்கலாம். தேட மறுத்தவனுக்கு அறியாமை அரணாகாது. ஒரு மாணவன் வாடி நிற்கும்போது, ‘இவனுக்கு என்ன குறை?’ என்று கேட்பதற்கு முன், ‘இவன் நிற்கும் மண்ணில் என் கை பட்ட இடம் எது?’ என்று ஆசிரியர் ஒருமுறை கேட்டுக்கொள்வாராக. அதன்பின் அவனையே கேட்பாராக. அவன் தயங்குவான், தோட்டக்காரரும் தயங்கினார். சற்றுக் காத்திருந்தால் சொல்வான்.